காமெடியில் லாஜிக் பார்க்கலாமா?

"காமெடியில லாஜிக் பார்க்கக் கூடாது" என்பது நம்மூரில் கிட்டத்தட்ட பழமொழி ஆகிவிட்டது. டிவியில் ஏதாவது காமெடி ஓடும்போது, "போன சீன்ல கண்ணாடி போட்டிருந்தாரே, இப்ப எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே இந்த வாக்கியத்தை எடுத்து வீசுவார். சிரிச்சோமா, போனோமான்னு இருக்கணும், நோண்டக் கூடாது.

எனக்கு நோண்டுவது பிடிக்கும். டிவியில் திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவைப் படங்களையும் தொடர்களையும் நோட்டுப் புத்தகமும் கையுமாகப் பார்ப்பது கொஞ்ச நாளாக ஒரு பழக்கம். எத்தனை பிழை சிக்கியது என்ற பட்டியலை இங்கே போடப் போவதில்லை. பட்டியல் போடுவது சுலபம், படிப்பது கொடுமை. அந்தப் பழக்கத்திலிருந்து எனக்குத் தோன்றிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அந்தப் பழமொழி தப்பு. வேறு எதில் லாஜிக் பார்க்காவிட்டாலும் காமெடியில் பார்த்தே ஆக வேண்டும். நல்ல காமெடி எழுதியவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பொய்க்குத்தான் அனுமதி

'தில்லு முல்லு' (1981) படத்தை எடுத்துக்கொள்வோம். கே. பாலசந்தர் இயக்கம், விசு வசனம். இந்தியில் ஹிருஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'கோல்மால்' (1979) படத்தின் தமிழ் வடிவம். தியேட்டரில் பார்த்தவர்களைவிட டிவியில் பார்த்தவர்கள்தான் இன்று அதிகம் இருப்பார்கள். என் தலைமுறைக்கு அது டிவி காமெடிதான்.

கதை தெரிந்ததுதான். முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்திக்கு (தேங்காய் சீனிவாசன்) மீசை என்றால் உயிர். வேலைக்காக அவர் விருப்பத்துக்கு ஏற்ற மாதிரி நடிக்கிறான் சந்திரன் (ரஜினிகாந்த்). விளையாட்டுன்னாலே ஆகாது என்று சொன்ன ஆள், மேட்ச் பார்க்கப் போய் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். "அது நானில்லை, மீசை இல்லாத என் தம்பி இந்திரன்" என்று ஒரு பொய். அந்தத் தம்பியைக் காட்ட வேண்டிய கட்டாயம். அப்புறம் இல்லாத அம்மாவைக் காட்ட வேண்டிய கட்டாயம். அந்த அம்மாவாக நடிக்க வந்த சௌகார் ஜானகியை முதலாளி வேறு இடத்தில் பார்த்துவிட, அங்கேயும் ஒரு இரட்டை.

இதில் சந்திரன் செய்யும் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். சினிமாவில் கன்டின்யூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் செய்கிற அதே வேலை. எந்த இடத்தில் மீசை உண்டு, எந்த இடத்தில் இல்லை, யாரிடம் என்ன சொன்னோம், அம்மா இருக்கிறாரா இல்லையா, அவருக்கு இரட்டை உண்டா இல்லையா. எல்லாம் மனசுக்குள் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். ஒரு வரி மறந்தால் வேலை போச்சு. முதலாளியோ பிழை கண்டுபிடிக்கும் பார்வையாளர், நம்மைப் போல.

அப்படியென்றால், "மீசையை எடுத்துட்டா ஒரு ஆளை அடையாளம் தெரியாமல் போயிடுமா?" என்று கேட்கலாம் அல்லவா? கேட்கலாம். கேட்கவும் வேண்டும். படத்திடம் அதற்குப் பதில் இருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி மனிதர்களின் முகத்தைப் பார்க்கிறவர் இல்லை. மீசையைப் பார்த்து ஆளை எடை போடுகிற சித்தாந்தம் அவருடையது. மீசையை மட்டும் பார்க்கிறவருக்கு மீசை இல்லாதபோது வேறு ஆளாகத்தானே தெரியும்? நம்ப முடியாத விஷயத்தை அந்தப் பாத்திரத்தின் குணத்துக்குள்ளேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். அதனால் அது ஓட்டை ஆகாமல், படத்தின் அஸ்திவாரமாகவே ஆகிவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு காமெடிக்கு ஒரு பெரிய பொய் சொல்ல அனுமதி உண்டு. அதை ஆரம்பத்திலேயே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் சின்னப் பொய்க்குக்கூட அனுமதி கிடையாது.

'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) இதையே செய்கிறது. ஒரே முகத்தில் 4 பேர் என்பது பெரிய பொய். அதை ஆரம்பப் பாட்டிலேயே கதை முழுக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்க நினைப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கிரேசி மோகனின் வசனமும் சிங்கீதம் சீனிவாசராவின் இயக்கமும் கணக்குப்பிள்ளை மாதிரி நடந்துகொள்கின்றன. யார் எந்த அறையில், எந்த வேஷத்தில், யாருக்கு யாரென்று நினைத்துப் பேசுகிறார்கள் என்பதைப் பார்ப்பவர் ஒரு நொடிகூட இழக்கக் கூடாது. இழந்தால் சிரிப்பு வராது. ஆள்மாறாட்டக் காமெடியில் மேடையில் இருப்பவருக்குக் குழப்பம், பார்ப்பவருக்குத் தெளிவு. இந்த வித்தியாசத்திலிருந்துதான் சிரிப்பே பிறக்கிறது. இரண்டு பேருக்கும் குழப்பம் என்றால் அதற்குப் பேர் தலைவலி.

மர்மக் கதைக்கும் காமெடிக்கும் இந்த விஷயத்தில் ஒரே ரத்தம். 'மர்மதேசம்' எடுத்த நாகாதான் 'ரமணி வெர்சஸ் ரமணி'யும் எடுத்தார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. முதல் காட்சியில் போட்ட முடிச்சை, ஞாபகம் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சியில் அவிழ்க்கிற வேலை இரண்டிலும் உண்டு. ஒன்றில் பயப்படுகிறோம், இன்னொன்றில் சிரிக்கிறோம்.

பிழைகளில் எத்தனை ஜாதி

சரி, உண்மையான பிழைகளுக்கு வருவோம். எல்லாப் பிழையும் ஒன்றில்லை.

முதலாவது, கண்ணில் படுகிற பிழை. டம்ளரில் காபி ஏறி இறங்குவது, கடிகாரம் பின்னால் போவது, பொட்டு வட்டத்திலிருந்து நீளமாக மாறுவது. இவை பெரும்பாலும் படப்பிடிப்பு முறையால் வருபவை. நம் தொடர்களை ஒரு வாடகை பங்களாவில், ஒரே கேமராவில், கதை வரிசையைப் பார்க்காமல் எடுப்பார்கள். ஹால் காட்சிகள் எல்லாம் ஒரு நாள், மொட்டை மாடிக் காட்சிகள் எல்லாம் இன்னொரு நாள். திரையில் கதவைத் திறந்து உள்ளே வருகிற ஆள், நிஜத்தில் கதவைத் திறந்தது ஒரு வாரம் முன்னால் இருக்கலாம். நெற்றியில் விபூதிப் பட்டையை அன்றைக்கன்றைக்குப் போட வேண்டும். காலையில் தலையில் வைத்த மல்லிகை மத்தியானம் வாடிவிடும், புதுச் சரம் வைத்தால் நீளம் மாறும். அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' (1951) பார்வையாளர்களை உட்கார வைத்து, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டு எடுக்கப்பட்டது. அங்கே இந்த வகைப் பிழை குறையக் காரணம் அந்த முறைதான். இந்தப் பிழைகளைக் கண்டுபிடிப்பது ஜாலியான விளையாட்டு. அதை வைத்து ஒரு படைப்பை மட்டம் தட்டினால் அது அநியாயம்.

இரண்டாவது, ஆளே மாறுவது. இதில் தமிழ் டிவிக்குத் தனிப் பெருமை உண்டு: "இவருக்குப் பதில் இவர்." நேற்று வரை அண்ணியாக இருந்தவரின் படம், பக்கத்தில் இன்று முதல் அண்ணியாக இருக்கப் போகிறவரின் படம், கீழே அந்த வாசகம். முடிந்தது. இதைக் கிண்டல் அடிக்காதவர் இல்லை. ஆனால் எனக்கு இதில் ஒரு மரியாதை தெரிகிறது. 'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்க காமெடித் தொடரில் 1969-இல் கணவன் டாரினாக நடித்த டிக் யார்க் போய் டிக் சார்ஜென்ட் வந்தார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. மனைவி புதுக் கணவனோடு பாட்டுக்குக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்கள் பார்ப்பவருக்குத் தெரியாது என்று நடித்தார்கள். நாம், "உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொன்னோம். எது நேர்மை?

'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் பேரும் ரமணி, மனைவி பேரும் ரமணி. முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். பெயர் அதே, ஆட்கள் வேறு. யாருக்கும் உறுத்தவில்லை. காரணம், அந்தத் தொடர் நமக்குக் கொடுத்த வாக்கு அந்த முகங்களைப் பற்றியது இல்லை. ஒரே பேரில் ஒரே வீட்டில் இரண்டு பிடிவாதங்கள் என்பதுதான் வாக்கு. அது மாறவில்லை. கிரேசி மோகனின் நாடகங்களில் நாயகிக்கு எப்போதும் ஜானகி என்று பேர், அவருடைய பள்ளி ஆசிரியையின் பெயர் அது. மாதுவும் சீனுவும் நாடகத்துக்கு நாடகம் வருவார்கள். "போன நாடகத்தில் கல்யாணம் ஆயிடுச்சே, இதில் எப்படி பிரம்மச்சாரி?" என்று அரங்கத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. பெயர் தொடரும், வாழ்க்கை தொடராது என்பது அங்கே ஒப்பந்தம்.

மூன்றாவது, தகவல் பிழை. 'ஐ லவ் லூசி'யில் லூசியும் ரிக்கியும் குடியிருக்கும் விலாசம் 623, கிழக்கு 68-ஆம் தெரு. நியூயார்க்கில் அந்தத் தெரு அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே ஆறு வந்துவிடும். கணக்குப்படி அவர்கள் வீடு ஈஸ்ட் ரிவர் தண்ணீரில் மிதக்க வேண்டும். இது யாரையும் காயப்படுத்தாத பிழை. யாரோ ஒரு நிஜக் குடும்பத்தின் வாசலில் ரசிகர்கள் போய் நிற்காமல் இருக்க அது உதவியும் இருக்கும்.

கொரியப் போரைப் பின்னணியாகக் கொண்ட 'மாஷ்' கதை வேறு. போர் நடந்தது 1950 முதல் 1953 வரை. தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை, 11 சீசன். 3 வருஷப் போர் முடிவதற்குள் நடிகர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. நாயகன் ஹாக்ஐக்கு ஆரம்ப எபிசோடுகளில் அக்கா தங்கை உறவு உண்டு, பிறகு ஒரே பிள்ளை ஆகிவிடுகிறான். கணக்கில் இது பிழைதான். ஆனால் முடியவே முடியாத போர் என்பது அங்கே மாட்டிக்கொண்டவனுக்கு எப்படி இருக்கும் என்று அந்தக் கணக்குப் பிழையே உணர்த்திவிடுகிறது.

வேண்டுமென்றே செய்த பிழையும் உண்டு. பிரிட்டனின் 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தம் 12 எபிசோடுதான். ஓட்டலின் பெயர்ப் பலகையில் எழுத்துகள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறியோ காணாமலோ இருக்கும். கன்டின்யூட்டி தவறு என்று முதல் தடவை நினைப்போம். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் அது தனி ஜோக் என்று உறைக்கும். நம் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கி, சந்தானமும் மனோகரும் சுவாமிநாதனும் அடித்த லூட்டியான 'லொள்ளு சபா' இன்னும் ஒரு படி மேலே போனது. சினிமா ஓட்டைகளையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து நாம் முணுமுணுக்கிற சந்தேகத்தை, அந்தக் காட்சிக்குள்ளேயே ஒரு பாத்திரம் சத்தமாகக் கேட்டுவிடும். லாஜிக் பார்க்கக் கூடாது என்ற ஊரில், லாஜிக் பார்த்ததையே காமெடி ஆக்கினார்கள். நம் டிவியில் வந்த சினிமா விமர்சனங்களில் அதுதான் கூர்மையானது என்று நினைக்கிறேன்.

பிழைன்னு எழுதுவதற்கு முன்னால்

இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, அது பிழையா, காலமா? 1981 படத்தில் "மெட்ராஸ்" என்று சொன்னால் அது பிழை இல்லை. சென்னை என்று அதிகாரப்பூர்வமாக மாறியது 1996-இல். எங்கள் நாவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே டோல் வசூல் 2023 அக்டோபரில் நின்றது. அதற்கு முன்னால் எடுத்த ஏதாவது ஒரு தொடரில், நாவலூர் டோல்கேட்டில் சில்லறைக்காகச் சண்டை போடுகிற காட்சி இருந்தால், இன்னும் 10 வருஷம் கழித்துப் பார்க்கிற பையன் "தப்பு, இங்க டோலே கிடையாது" என்று கமென்ட் போடுவான். அவன் சொல்வதும் சரி, தொடர் சொல்வதும் சரி. பழைய காமெடியில் பல "தகவல் பிழைகள்" இந்த ரகம். அவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்க்காமல், ஊர் வரலாற்று நோட்டில் சேர்த்தால் பிரயோஜனம்.

இரண்டு, அது பிழையா, வெட்டா? காமெடி சேனல்களில் படத்தை முழுசாகப் போடுவதில்லை. நடுவில் 4 நிமிஷம் உருவிப் போடுகிறார்கள். முதல் பாதியில் போட்ட முடிச்சு போய், அவிழ்ப்பது மட்டும் மிஞ்சும். "இவன் ஏன் திடீர்னு அவனைப் பார்த்து ஓடுறான்?" என்ற கேள்விக்குப் பதில், வெட்டி எறிந்த துண்டில் இருக்கும். விளம்பரத்துக்காக வெட்டியது, யூடியூபில் ஏற்றியவர் வெட்டியது எல்லாம் சேர்ந்து, எழுதியவர் தலையில் பழி விழுகிறது. முழுசாகப் பார்க்காமல் பிழை எழுதக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. "லாஜிக் பார்க்கக் கூடாது" என்ற பழமொழி இவ்வளவு பரவியதற்கு இந்தத் துண்டு காமெடிகளும் ஒரு காரணமாக இருக்கலாம். துண்டில் லாஜிக் இருக்காது, தேடினால் கிடைக்காது.

மன்னிக்கக் கூடாத பிழை

மீசை, கண்ணாடி, டம்ளர் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். என் நோட்டில் சிவப்பு மையில் எழுதுவது ஒரே வகையைத்தான்: பேச்சுப் பிழை.

ஒரு தொடரில் "கிராமத்து ஆள்" வருவார். முதல் வரியில் "வந்தாய்ங்க" என்பார், மதுரைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வரியில் "ஏனுங்க", கொங்கு. மூன்றாவது வரியில் "ஏலே", நெல்லை. ஒரே வாயில் 3 ஜில்லா. பக்கத்திலேயே இன்னொரு பாத்திரம், மீனவரோ ஆட்டோ ஓட்டுபவரோ. அவருக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு "மெட்ராஸ் பாஷை" தயாராக இருக்கும். காசிமேடு ஆனாலும் கோவளம் ஆனாலும் அதே பேச்சு.

இதுவும் கன்டின்யூட்டி பிழைதான். ஒருவரின் பேச்சு என்பது அவர் எந்த ஊரில் பிறந்தார், யாரிடம் வளர்ந்தார் என்பதன் தொடர்ச்சி. கண்ணாடி மாறினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பேச்சு மாறினால், அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் யாரும் பார்க்கிறவர்கள் பட்டியலிலேயே இல்லை என்று அர்த்தம். அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர்கள் சேர்ந்து சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அர்த்தம்.

கவனமாகச் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. காமேஸ்வரனும் டெல்லி கணேஷின் மணி ஐயரும் பேசுகிற பாலக்காட்டுத் தமிழ், படம் முழுக்க பாலக்காட்டுத் தமிழாகவே இருக்கிறது. பிராமணப் பேச்சு என்று பொத்தாம்பொதுவாக ஒன்றை வைத்து ஓட்டவில்லை. அந்த மீன் விழுந்த சாம்பார் காமெடி இன்றும் நிற்பதற்கு அந்தப் பேச்சின் ராகமும் ஒரு காரணம். 'தெனாலி' (2000) படத்தில் கமல்ஹாசன் ஈழத்தமிழராக நடித்தார். அந்தப் பேச்சு எந்த அளவுக்குச் சரி என்று ஈழத்தவர்களே இரண்டு பக்கமும் பேசலாம். பேசும் உரிமை அவர்களுடையது. ஆனால் அந்தப் படத்தில் சிரிப்பு அந்த மனிதனின் பயங்களைப் பற்றியது, அவன் பேச்சு முதல் காட்சியிலிருந்து கடைசி வரை ஒரே ஊர்க்காரனுடையது. முயற்சி எடுத்திருக்கிறார்கள் என்பது காதில் விழுகிறது.

நாவலூரில் எங்கள் தெருவில் மட்டும், ஐ.டி. வேலைக்காக வந்த கோயம்புத்தூர், தூத்துக்குடி, மதுரைக் குடும்பங்கள் இருக்கின்றன. தாழம்பூர், படூர் பக்கத்துப் பழைய குடும்பங்களும் இருக்கின்றன. லிஃப்டில் இத்தனை தமிழும் ஏறி இறங்குகிறது. டிவியில் தன் ஊர்ப் பேச்சு வந்தால் ஒவ்வொருவர் காதும் நிமிரும். தப்பாக வந்தால் முகம் லேசாகச் சுருங்கும். கேட்டால் "விடுங்க சார், காமெடிதானே" என்பார்கள். முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

ஆகவே என் சோதனை எளிமையானது. ஒரு பிழை கண்ணில் பட்டால் 2 கேள்வி. இந்தக் காமெடி ஆரம்பத்தில் நமக்குக் கொடுத்த வாக்கை இந்தப் பிழை மீறுகிறதா? இல்லையென்றால் ரசித்துவிட்டுப் போகலாம். இந்தப் பிழைக்கு விலை கொடுப்பது யார்? படக்குழு மட்டும் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஒரு ஊரோ, ஒரு தொழில் செய்கிறவர்களோ என்றால், அதை எழுதி வைக்க வேண்டும்.

"லாஜிக் பார்க்காதீங்க" என்று சொல்கிற காமெடி, உண்மையில் "எங்களைப் பார்க்காதீங்க" என்றுதான் சொல்கிறது. 'தில்லு முல்லு' ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. நல்லா பாருங்க, மீசையை விடாம பாருங்க என்றுதான் 40 வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.